நைட் டியூட்டிக்குப் போகும் தங்கைக்கு



வார்டில் கால் வைத்ததும் மூத்த சிஸ்டர்கள் சொல்லும் முதல் ஆறுதல், ‘போகப் போகப் பழகிடும்மா’ என்பதாகத்தான் இருக்கும். ஊசி போடுவது பழகும். சாவைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுகூட ஓரளவு பழகும். இரவுப் பணி அப்படிப் பழகுவதில்லை. உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் திருத்திக்கொள்ளும் கடிகாரம் அது. காலை வெயிலில் வீடு திரும்பும்போதே பகல் வந்துவிட்டதென்று அது முடிவுகட்டிவிடும். பிறகு நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் தூக்கம் அரைகுறைதான். நெடுநாள் இரவுப் பணி செய்பவர்களிலும் உடல் முழுதாக மாறிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. அப்படியானால் பழகிவிட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. தூக்கக் கலக்கம் மட்டும் கூடியதாக அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பழகியது களைப்பை உணராமல் இருப்பதுதான்.

இதை உன் குணத்தோடு சேர்த்துப் பார். விடிகாலை நாலு மணி. ‘டிரிப் தீரப்போவுது சிஸ்டர்’ என்று ஐந்தாம் பெட் அட்டெண்டர் அம்மா மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார். ‘தெரியும், போய் உக்காருங்க’ என்று உன் குரல் உயர்கிறது. பகலில் நீ அப்படிப் பேசுகிறவள் இல்லை. ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் 0.03ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை ஏழுக்கு எழுந்து, மதியம் கண்ணசராமல், இரவு எட்டுக்கு டியூட்டி ஏறினால் நள்ளிரவிலேயே உனக்கு அந்த 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. விடிய இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கிறது.

‘சரி, இனி சிடுசிடுப்புக்கெல்லாம் இதுவே சாக்கா?’ என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. திட்டு வாங்கிய அம்மாவுக்கு அமிக்டலாவைப் பற்றி என்ன கவலை! ஆனால் எந்த நேரத்தில் தடுமாறுவோம் என்று முன்கூட்டியே தெரிந்தவளுக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மூன்று மணிக்கு மேல் இன்சுலினோ பொட்டாசியம் குளோரைடோ எடுத்தால் லேபிளை வாய்விட்டுப் படி, இன்னொருவரையும் பார்க்கச் சொல். முதல் நைட்டுக்கு முன் மதியம் கட்டாயம் தூங்கு. வார்டில் அனுமதி இருந்தால் கூட இருப்பவரோடு முறை வைத்து அரை மணி கண்ணயர்ந்துகொள். (தூங்கும் நர்ஸை வீடியோ எடுப்பவர்கள், அவள் தனியாக எத்தனை பெட் பார்க்கிறாள் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.)

நம்மவர்களே சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: நீண்ட ஷிப்ட் நல்லது, ஆஃப் சேர்த்துக் கிடைக்கும், பிள்ளைகளோடு இருக்கலாம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் பெரும்பாலான நர்ஸ்கள் தங்கள் பணிநேரம் பிடித்திருப்பதாகவே சொன்னார்கள். ஆனால் ஷிப்ட் நீள நீள, வேலையே வெறுத்துப்போனவர்களும் விட்டுப் போக நினைத்தவர்களும் கூடினார்கள். 2004இல் வந்த இன்னொரு ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்ட ஷிப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மும்மடங்காக இருந்தது. நம்மூரில் பல இடங்களில் நைட் என்பதே எட்டு முதல் எட்டு. அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் ஓவர் கொடுக்க அரை மணி ஆனால் அந்தக் கோட்டுக்கு வந்துவிடுகிறாய்.

புற்றுநோய் பயம் காட்டுவார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இலும் அதிலேயே வைத்தது. 2016இல் பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களின் விவரங்களை அலசியவர்களோ மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு காணவில்லை. வழக்கு முடியவில்லை, அதற்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆஸ்பத்திரியை ராத்திரி மூட முடியுமா என்பார்கள். முடியாது, யாரும் மூடச் சொல்லவுமில்லை. கேட்க வேண்டியது ரோஸ்டரை. காலை, மதியம், நைட் என்ற வரிசையில் ஷிப்ட் மாறட்டும். நைட் முடித்தவளை மறுநாளே காலை டியூட்டிக்கு இழுக்க வேண்டாம். தவறு நேரப் பார்த்துத் தப்பிய ஒவ்வொரு முறையும் மணியைக் குறித்து வை, உன் தோழிகளையும் குறிக்கச் சொல். நாலைந்து பேரின் நோட்டுகளிலும் அதே மூன்று மணியும் நாலு மணியும் வந்தால், சேர்ந்து போய் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேஜையில் வையுங்கள். அதுவரை நைட் நாட்களில் ஸ்கூட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வா.