ஸைத்தூன் எண்ணெயும் பிள்ளையின் தோலும்

ராத்தாவின் பிள்ளைக்கு மூன்று மாதம். கன்னமும் முழங்கை மடிப்பும் வரண்டு சிவந்திருந்தன. உம்மும்மா தினமும் ஸைத்தூன் எண்ணெய் தேய்த்துவந்தார். உம்றா சென்றுவந்தவர்கள் தந்த போத்தல் அது. எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. சிவப்போ கூடியதே தவிரக் குறையவில்லை. தோல் வைத்தியர் எண்ணெயை நிறுத்தச் சொன்னார். “பரக்கத்தான எண்ணெய் பிள்ளைக்கு எப்படிக் கூடாமல் போகும்?” என்று உம்மும்மா என்னிடம் கேட்டார். உயிரியல் படிப்பவள் நான்தானே!

தோலின் மேற்படை ஒரு செங்கல் சுவர் போன்றது. இறந்த கலங்கள் கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பு சாந்து. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது அந்தச் சாந்துதான். ஒலிவ் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் 55 முதல் 83 வீதம் வரை ஒலெயிக் அமிலம். அதன் காபன் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்பால் மூலக்கூறு வளைந்து நிற்கிறது. ஒழுங்காக அடுக்கிய சாந்துக்குள் அது புகுந்தால் அடுக்குக் குலைகிறது. மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் பூச்சுகளில் ஒலெயிக் அமிலத்தைச் சேர்ப்பதும் இதனால்தான்.

2013 இல் வெளியான ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், வளர்ந்தவர்கள் நாளுக்கு இருமுறை ஆறு துளி வீதம் சில வாரங்கள் முன்னங்கையில் எண்ணெய் பூசினார்கள். ஒலிவ் பூசிய கையில் மேற்படை பலமிழந்து இலேசாகச் சிவந்தது. லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் பூசிய கைக்கு அப்படி நேரவில்லை. பெரியவர்களின் தோலுக்கே இப்படியென்றால், ஏற்கெனவே வரண்டிருக்கும் பச்சைப் பிள்ளையின் தோலை யோசித்துப் பாருங்கள்.

ஒலிவ் சவர்க்காரத்தின் கதை வேறு. நாப்லஸிலும் அலெப்போவிலும் நூற்றாண்டுகளாக அதைச் செய்கிறார்கள். அவ்விரு ஊர்களின் கைவினையும் 2024 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. காரத்துடன் தாக்கமுற்ற பின் எண்ணெய், எண்ணெயாக இருப்பதில்லை. சவர்க்காரமும் கிளிசரோலுமாக மாறிவிடுகிறது. உறையில் ‘சோடியம் ஒலிவேட்’ என்றிருப்பது இதைத்தான். ஆனால் சவர்க்காரம் காரத்தன்மையானது, தோலோ சற்று அமிலத்தன்மையானது. ஆகவே அதையும் பிள்ளைக்கு வாங்க வேண்டாமென்றேன்.

ராத்தா வாங்கிவைத்திருந்த கிறீமையும் பார்த்தேன். முன்பக்கத்தில் பெரிய ஒலிவ் கிளை. பின்பக்கத்தில் சேர்மானங்களைக் கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகப் போடுவார்கள். அதில் ஒலிவ் எண்ணெய் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் கிடந்தது. கிளைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் கேட்ட உம்மும்மா போத்தலைக் கையில் எடுத்தார்.

“அப்ப, சாப்பிட ஏலும்தானே?”

“ஓம் உம்மும்மா, தாராளமாக.”

அன்று இரவு ரொட்டிக்கு அதைத்தான் ஊற்றினார்.