முன் ஸ்பிராக்கெட்டைப் பூட்டும் முறை



நம் குடும்பங்கள் பலவற்றுக்கு பைக்தான் பிழைப்பு. செயின் செட் மாற்றும்போது முன் ஸ்பிராக்கெட்டைச் சரியாகப் பூட்டாவிட்டால், அது ஓட்டத்தில் கழன்று செயின் சிக்கிப் பின்சக்கரம் இறுகி நின்றுவிடலாம். உயிருக்கே ஆபத்து.

100 சிசி வண்டிகள் பலவற்றில், இன்ஜின் தண்டின் பற்களில் ஸ்பிராக்கெட்டைச் செருகி, அதன்மேல் பூட்டுத் தகட்டை வைக்கிறோம். தகட்டைத் தண்டிலுள்ள பள்ளம் வரை தள்ளிச் சற்றுத் திருப்பினால், அதன் பற்கள் தண்டின் பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், துளைகளும் நேராகும். பிறகு இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி இறுக்குகிறோம். இவ்வகையில் ஸ்பிராக்கெட் இலேசாக ஆடுவது இயல்பு. தேய்ந்த தகட்டையும் மரை போன போல்ட்டையும் திரும்பப் போடக் கூடாது.

நடுவில் பெரிய நட்டு உள்ள வண்டிகளில் புதிய லாக் வாஷர் போடுங்கள். செயினை மாட்டி, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு இறுக்கினால் தண்டு சுற்றாது. இறுக்கியதும் வாஷரின் ஓரத்தை நட்டின் பக்கத்தோடு ஒட்ட மடித்துவிடுங்கள்.

ஒரு வாரம் ஓட்டியபின் மூடியைக் கழற்றி மீண்டும் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லும் திர்மிதியின் நபிமொழி இதற்கும் பொருந்தும். போல்ட்டை இறுக்குவது நம் கடமை, பாதுகாப்பவன் அல்லாஹ்.