இரண்டு ஊர், ஒரே போல்டர்: சிங்க் செய்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அலுவலகத்தில் ஒரு டெஸ்க்டாப், வீட்டில் ஒரு லேப்டாப், ஊரில் உடன்பிறந்தவர் வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர். இவை எல்லாவற்றிலும் ஒரே போல்டர் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற தேவை பலருக்கும் உண்டு. விண்டோஸ் 95லேயே இதற்கு மைக்ரோசாப்ட் ஒரு வழி கொடுத்திருந்தது. டெஸ்க்டாப்பில் மை பிரீப்கேஸ் என்று ஒரு கைப்பெட்டி ஐகான் இருக்கும். பைல்களை அதில் போட்டு, பிளாப்பியில் எடுத்துச் சென்று, வேலை பார்த்துத் திரும்பிய பின் அப்டேட் ஆல் என்பதைக் கிளிக் செய்திட வேண்டும். அதைப் பயன்படுத்தியவர்களைவிட, அது என்னவென்று தெரியாமல் டெலீட் செய்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2008ல் டிராப்பாக்ஸ், 2012ல் கூகுள் டிரைவ் என்று வந்த பிறகு இந்த வேலை தானாகவே நடக்கத் தொடங்கியது. இங்கே ஒரு பைலை சேவ் செய்தால் சிறிது நேரத்தில் அடுத்த ஊர் கம்ப்யூட்டரில் அது தெரியும். இதைத்தான் சிங்க் என்கிறோம். எப்படி அமைப்பது என்று பார்க்கும் முன், இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா விவசாயக் கணக்கு, மழை பெய்த நாட்கள், உறவுமுறை விவரம், கோயில் கொடை வரவு செலவு என்று 11 நோட்டுகள் எழுதி வைத்திருந்தார். திருநெல்வேலியில் இருக்கும் அக்கா அவற்றை ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் போட, சென்னையில் நான் டைப் செய்வது என்று ஏற்பாடு. இணையத்தில் இயங்கும் ஒரு சேவையின் மூலம் அந்தப் போல்டரை இருவரும் பகிர்ந்துகொண்டோம். ஸ்கேன் முடிந்தது. இடையில் வேறு வேலை வந்ததால் ஒன்றரை மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு திறந்து பார்த்தால் போல்டர் காலி.

அக்காவுக்குப் போன் செய்தேன். "டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு சிவப்பு கோடு காட்டிச்சு தம்பி. உன்கிட்டதான் எல்லாம் இருக்கே, இங்க எதுக்குன்னு அழிச்சேன்" என்றார். சாதாரணமாக யோசிக்கும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் சிங்க் என்பது அவரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வைத்திருப்பது அல்ல. ஒரே போல்டரை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது. புதிய பைல் எப்படிப் போகிறதோ, அப்படியே டெலீட்டும் போகும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு, கூகுள் டிரைவ், தனிநபருக்கான ஒன்டிரைவ் ஆகியவற்றில் அழிந்த பைலை 30 நாட்கள் வரை மீட்கலாம். நான் பயன்படுத்திய சேவையிலும் அதே கணக்குதான். என் அலட்சியத்தால் அந்தக் கெடு தாண்டியிருந்தது. முதல் ஆறு நோட்டுகள் ஒரு பென் டிரைவில் தற்செயலாக இருந்தன. மீதி ஐந்தை மீண்டும் ஸ்கேன் செய்யலாம் என்று அக்கா பரணில் ஏறினால், மழைநீர் ஒழுகி இரண்டு நோட்டுகளில் பேனா மை கரைந்து போயிருந்தது. அவற்றில் பாதிப் பக்கங்களைப் படிக்க முடியவில்லை.

டிஸ்க்கில் இடம் வேண்டும் என்றால் டெலீட் செய்யக்கூடாது. ஒன்டிரைவ் போல்டரின் மீது ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் ப்ரீ அப் ஸ்பேஸ் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிரதி மட்டும் நீங்கும். இணையத்திலும் மற்றவரிடமும் அப்படியே இருக்கும். டிராப்பாக்ஸில் இதே வேலைக்கு மேக் ஆன்லைன் ஒன்லி. இந்த ஒரு வரியை அக்காவிடம் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எல்லாருக்கும் சிங்க் தேவையில்லை. கல்யாண போட்டோக்களைச் சித்தப்பா பார்க்க வேண்டும் என்றால் கூகுள் டிரைவில் ஷேர் என்பதைக் கிளிக் செய்து வியூவர் என்ற உரிமை மட்டும் கொடுத்தால் போதும். அவரால் பார்க்கவும் டவுண்லோட் செய்திடவும் முடியும், அழிக்க முடியாது. எடிட்டர் உரிமையை, சேர்ந்து வேலை பார்ப்பவருக்கு மட்டும் கொடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் என்றால் போல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேப் மூலம் நெட்வொர்க்கில் பகிர்ந்தாலே வேலை முடிந்துவிடும். ஹோம்குரூப்பைத் தேடாதீர்கள், 2018ல் வந்த பதிப்பிலேயே விண்டோஸ் 10ல் இருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது சிங்க்திங் என்ற இலவச புரோகிராம். 2013ல் முதல் பதிப்பு வந்தது, ஓப்பன் சோர்ஸ். இதில் உங்கள் பைல்கள் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் தங்காது. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து மற்றொன்றுக்கு, என்கிரிப்ட் செய்யப்பட்டு, நேராகச் செல்லும். நேரடி இணைப்பு கிடைக்காவிட்டால் இடையில் ரிலே சர்வர் வழியாகச் செல்லும். வேகம் குறையும், ஆனால் ரிலேயில் இருப்பவரால் படிக்க முடியாது. 15 ஜிபி, 5 ஜிபி என்ற எல்லை கிடையாது. உங்கள் டிஸ்க்கில் உள்ள இடம்தான் எல்லை. குறை என்ன என்றால், இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருந்தால்தான் சிங்க் நடக்கும். அக்கா பகலில் பார்ப்பார், நான் இரவில்தான் உட்காருவேன் என்பதால் முதல் வாரம் எதுவுமே வரவில்லை. பிறகு இரவு 9 முதல் 10 வரை இருவரும் ஆன் செய்து வைப்பது என்று முடிவு செய்தோம்.

சிங்க், திங் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி, பின்னால் டாட் நெட் சேர்த்தால் அதன் தளம் கிடைக்கும். விண்டோஸுக்கான 64 பிட் ஸிப் பைலை டவுண்லோட் செய்து, விரித்து, உள்ளே இருக்கும் புரோகிராமை இயக்குங்கள். பயர்வால் அனுமதி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுங்கள். கறுப்பு விண்டோ ஒன்று வரும், அதை மூடிவிடாதீர்கள். சிறிது நேரத்தில் உங்கள் பிரவுசரில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் இதன் பக்கம் திறக்கும். இது இணையதளம் அல்ல, உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் கட்டுப்பாட்டுப் பக்கம்.

ஆக்ஷன்ஸ் மெனுவில் ஷோ ஐடி என்பதைக் கிளிக் செய்தால் ஏழு ஏழு எழுத்துகளாக எட்டுத் தொகுதிகள் கொண்ட நீளமான அடையாளம் கிடைக்கும். இதைக் காப்பி செய்து மற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பயம் வேண்டாம், இரு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு ஏற்படும். அவர் ஆட் ரிமோட் டிவைஸ் என்பதில் கிளிக் செய்து இதை ஒட்டி சேவ் செய்திட வேண்டும். உங்கள் திரையில் இன்னார் இணைய விரும்புகிறார் என்று ஒரு கட்டம் தோன்றும், ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து ஆட் போல்டர். பெயரும் டிஸ்க்கில் உள்ள இடமும் கொடுத்து, ஷேரிங் டேப்பில் அவர் பெயருக்கு எதிரே டிக் செய்தால், அவருக்கும் அறிவிப்பு செல்லும். இரு பக்கமும் பச்சை எழுத்தில் அப் டு டேட் என்று வந்தால் வேலை முடிந்தது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் என் கதைதான் உங்களுக்கும். ஏனென்றால் பழைய பிரதிகளைக் காக்கும் வசதி தொடக்கத்தில் ஆப் ஆகத்தான் இருக்கும். போல்டரின் எடிட் பட்டனை அழுத்தி பைல் வெர்ஷனிங் டேப்பிற்குச் செல்லுங்கள். டிராஷ் கேன் என்பது அழிந்த, மாற்றப்பட்ட பைலை ஒரு மறைவான போல்டரில் போட்டு வைக்கும். எத்தனை நாளில் சுத்தம் செய்வது என்பதில் 0 என்று கொடுத்தால் நீங்களாக நீக்கும் வரை இருக்கும். ஸ்கேன், போட்டோ போன்றவற்றுக்கு இது போதும். தினமும் திருத்தும் வேர்ட், எக்ஸெல் பைல்களுக்கு ஸ்டாகர்டு நல்லது. முதல் ஒரு மணி நேரத்திற்கு 30 விநாடிக்கு ஒன்று, முதல் நாளில் மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதன் பின் வாரத்திற்கு ஒன்று என்று பழைய பிரதிகளைக் குறைத்துக்கொண்டே வரும். மீட்க வேண்டும் என்றால் அதே போல்டரின் கீழ் உள்ள வெர்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, பைலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். இந்த வசதி, மற்ற கம்ப்யூட்டரில் இருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். அக்கா தன் கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால், என் கம்ப்யூட்டரில் வெர்ஷனிங் ஆன் ஆகியிருந்தால்தான் என்னிடம் பழைய பிரதி மிஞ்சும். நான் அழித்தால் அவரிடம் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. இரு பக்கமும் தனித்தனியாக அமைக்க வேண்டும்.

அட்வான்ஸ்டு டேப்பில் போல்டர் டைப் என்ற தேர்வு உண்டு. அக்கா பக்கம் செண்ட் ஒன்லி என்று வைத்திருக்கிறோம். அவர் ஸ்கேன் செய்வது எனக்கு வரும், நான் செய்யும் குளறுபடி அவரிடம் போகாது. ரிசீவ் ஒன்லி என்று வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அனுப்புபவர் அழித்தால் ரிசீவ் ஒன்லியிலும் அழியும்.

இருவரும் ஒரே பைலை ஒரே சமயத்தில் திருத்திவிட்டால்? சிங்க்திங் இரண்டையும் வைத்துக்கொள்ளும். கடைசியாக மாற்றிய நேரம் எதில் பழையதோ, அந்தப் பைலின் பெயரில் சிங்க் கான்பிளிக்ட் என்ற சொற்களும் தேதியும் சேர்ந்துவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே அழிக்காமல் திறந்து ஒப்பிடுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் சிமோஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால், புதிய பைலே பழையதாகக் கருதப்படலாம். சிறு பேட்டரிதான், மாற்றிவிடுங்கள். டேலி டேட்டா, அவுட்லுக் மெயில் பைல் போன்று எப்போதும் திறந்தே இருப்பவற்றைச் சிங்க் போல்டரில் வைக்கவே வேண்டாம்; பாதி எழுதிய நிலையில் காப்பி ஆகிக் கெட்டுப்போகும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள போல்டரையும் சேர்க்கலாம். டிஸ்க்கைக் கழற்றினால் எல்லாம் அழிந்ததாக நினைத்து மற்ற கம்ப்யூட்டரிலும் அழித்துவிடுமோ என்று நானும் பயந்தேன். அதற்காகவே ஒவ்வொரு போல்டருக்குள்ளும் இது ஒரு சிறிய அடையாளப் போல்டரை வைக்கிறது. அது கண்ணில் படாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். எனவே பெயர் புரியவில்லை என்று அதை நீக்கிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனுக்கான இதன் அதிகாரப்பூர்வ அப்ளிகேஷன் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டதால் இங்கே கம்ப்யூட்டருக்கான வழியை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மேலும், சிங்க்கில் சேராத ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை முழு காப்பி எடுத்து பீரோவில் வைக்கிறேன். பேக்கப் என்றால் அதுதான்.

எல்லாம் அமைத்த பின் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேவையில்லாத ஒரு டெக்ஸ்ட் பைலை உருவாக்கி, அது மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் இங்கே டெலீட் செய்திடுங்கள். அங்கேயும் மறையும். இப்போது அங்கே இருப்பவரை வெர்ஷன்ஸ் பட்டன் மூலம் அதை மீட்கச் சொல்லுங்கள். பிறகு இதையே எதிர்ப்பக்கம் இருந்து ஒருமுறை செய்யுங்கள். செண்ட் ஒன்லி வைத்திருந்தால் அதற்கு மட்டும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு இரண்டாவது முயற்சியிலேயே வந்துவிட்டது.