மலையிறக்கமும் மின்சுற்றும்

1931ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் சரக்குந்து ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தார் கிளெஸ்ஸி கம்மின்ஸ். சக்கர பிரேக்குகள் சூடேறிச் செயலிழந்தன. அடிவாரத்தில் தண்டவாளத்தைக் கடந்த சரக்குத் தொடர்வண்டியில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். எந்திரத்தையே பிரேக்காக்கும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிஸ்டன் காற்றை அழுத்தி மேலெழுந்து முடிக்கும் வேளையில் வெளியேற்று வால்வு திறக்கிறது. அழுத்தப்பட்ட காற்று வெளியேறிவிடுவதால் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதில்லை. அழுத்தச் செலவான ஆற்றல் வண்டியின் வேகத்திலிருந்து கழிகிறது.

வால்வைத் திறப்பது எண்ணெயின் அழுத்தம்; எண்ணெய்க்கு வழிவிடுவது வரிச்சுருள் வால்வு. கணினிக் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய வண்டிகளில், அதற்கான மின்னோட்டம் மின்உருகி, ஓட்டுநர் சாவி, கிளட்ச் சாவி, முடுக்கிச் சாவி ஆகியவற்றைத் தொடரிணைப்பில் கடந்து வரும். ஒன்று திறந்திருந்தாலும் பிரேக் இயங்காது. எனவே பழுதுபார்ப்பவர் எந்திரத்தை நிறுத்தி, சாவிகளை மூடிய நிலையில் வைத்து, மின்கலப் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாக மின்னழுத்தத்தை அளந்து செல்கிறார். மின்னழுத்தம் உள்ள புள்ளிக்கும் அற்ற புள்ளிக்கும் இடையில்தான் பழுது. வரிச்சுருள்வரை மின்னழுத்தம் வந்தும் 'டிக்' என்னும் ஒலி எழாவிடில், சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். அது முடிவிலி எனில் கம்பி அறுந்துள்ளது. சில வேளை குற்றம் துருவேறிய தரையிணைப்பில் இருக்கும்.

பழுதான முடுக்கிச் சாவியை ஒரு துண்டுக் கம்பியால் தாண்டிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பிரேக் உடனே இயங்கும். ஆனால், எரிபொருள் பாயும்போதும் இயங்கி எந்திரத்தைச் சிதைக்கும்.