இதயத் துடிப்புக் குளிசை: அளவு தவறினால் என்னவாகும்?



எங்கள் பகுதித் தோட்டமொன்றில், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஓர் அப்பாயிக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தேத்தண்ணி குடித்தாலும் வாந்தி. "பித்தம் ஏறிப் போச்சு" என்று வீட்டார் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் காலை பேத்தியிடம், "கண்ணு, செவரு, சட்டி எல்லாம் மஞ்ச மஞ்சளா தெரியுதும்மா" என்றிருக்கிறார். வயதுக்குக் கண் மங்குகிறது என்று அதையும் விட்டுவிட்டார்கள். வேறு வேலையாக லயத்துக்குப் போன நாங்கள் அவர் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தோம். ஒரு நிமிடத்துக்கு 40 துடிப்புக் கூட இல்லை. உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸில் அனுப்பினோம்.

அவருக்கு வந்தது பித்தமல்ல. டிகொக்சின் என்னும் குளிசை உடம்பில் கூடிப் போயிருந்தது.

சிறு வயதில் தொண்டை நோவுக்குப் பின் வாதக் காய்ச்சல் வந்தவர்களில் சிலருக்கு இதய வால்வு கெட்டுப் போகும். பல வருடங்களுக்குப் பின் இதயம் தாறுமாறாகவும் வேகமாகவும் அடிக்கத் தொடங்கும். அந்த வேகத்தை அடக்கவும், பலவீனமான இதயத்துக்குத் தெம்பு கொடுக்கவும் இந்தக் குளிசையைக் கொடுக்கிறார்கள். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய டாக்டர் டிஜிட்டாலிஸ் என்ற பூச்செடியின் இலையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்தச் செடி இனத்திலிருந்து வந்த மருந்துதான் இது. நல்ல மருந்துதான். ஆனால் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சிறியது.

அப்பாயி வீட்டில் நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த பக்கெட்டில் "டிகொக்சின்" என்றிருந்தது. இடையில் களைப்பென்று டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது கிளினிக் புத்தகத்தைக் கொண்டு போகவில்லை. அவர் கொடுத்த கடதாசி உறையில் "லனொக்சின்" என்றிருந்தது. இரண்டும் ஒரே மருந்தின் இரண்டு பெயர்கள்! அப்பாயி இரண்டையும் தவறாமல் குடித்து வந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சொன்னபடிதானே செய்தார்.

அளவிலும் கவனம் வேண்டும். இந்தக் குளிசை 0.0625 மில்லிகிராமிலும் வருகிறது, 0.25 மில்லிகிராமிலும் வருகிறது. பெரியது சிறியதைப் போல நாலு மடங்கு. நிறத்தை நம்பக் கூடாது, கம்பனிக்குக் கம்பனி மாறும். 2008 ஏப்ரலில் அமெரிக்காவில் சில குளிசைகள் இரட்டைத் தடிப்பில் வந்திருக்கலாம் என்று ஒரு கம்பனி தன் சரக்கையே திருப்பி எடுத்தது. வழக்கமான குளிசையிலிருந்து வித்தியாசமாகத் தெரிந்தால், குடிக்கு முன் கேளுங்கள்.

டிகொக்சின் பெரும்பாலும் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது தேங்கி நிற்கும். வயிற்றோட்டம் வந்தாலோ, மூத்திரம் போவதற்குக் கொடுக்கும் குளிசையாலோ உடம்பில் பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவே நஞ்சைப் போல வேலை செய்யும். கசாயத்தில் அதிமதுரம் அதிகம் போட்டு நாள்தோறும் குடித்தாலும் பொட்டாசியம் குறையும். இருமலுக்கும் சளிக்கும் எழுதும் எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் டிகொக்சினைக் கூட்டிவிடும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், தோட்டத்து டிஸ்பென்சரி என்றாலும், முதலில் கிளினிக் புத்தகத்தை நீட்டுங்கள்.

ஒரு நேரம் மறந்துவிட்டால் அடுத்த நேரம் இரண்டாகப் போடாதீர்கள்.

இந்த மருந்தே வேண்டாமா என்று டாக்டர்மாரும் வாதாடியிருக்கிறார்கள். 1997இல் வெளியான பெரிய ஆய்வில் இதய பலவீனம் உள்ள 6,800 பேரைப் பார்த்தார்கள். மரணம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆஸ்பத்திரியில் தங்குவது குறைந்தது. 2014இல் அமெரிக்க முன்னாள் படையினரின் பதிவுகளைப் பார்த்தபோது, இதைக் குடித்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. நோய் முற்றியவர்களுக்கே இதைக் கொடுப்பதால் அப்படித் தெரிந்ததா என்ற கேள்வி இருக்கிறது. 2020இல் 160 முதியவர்களிடம் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்ததில், மற்றொரு துடிப்புக் குளிசையை விடத் தொந்தரவு குறைவாகவே இருந்தது. ஆகவே பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் துடிப்பு மறுபடி தறிகெட்டு ஓடும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் குளிசைக்கு முன் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கால் நிமிடம் எண்ணிப் பெருக்கினால் கணக்குத் தப்பும். 60க்குக் குறைந்தால், அல்லது பசியின்மை, வாந்தி, மஞ்சளாகத் தெரிதல், தலைச்சுற்று, தடுமாற்றம் இருந்தால், குளிசை போடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மயங்கி விழுந்தால் 1990க்கு அடியுங்கள்.

அப்பாயி வீடு திரும்பிவிட்டார். பேத்தி ஒரு பழைய கொப்பியில் தினமும் நாடியை எழுதுகிறாள். போன வாரம் பார்த்தபோது 72, 70, 74 என்றிருந்தது. டவுன் டாக்டர் கொடுத்த உறையை அப்பாயி இன்னும் பெட்டியில் வைத்திருந்தார், "காசு குடுத்து வாங்கினதாச்சே" என்று. அதைக் கேட்டு வாங்கி டிஸ்பென்சரியில் ஒப்படைத்தோம்.