எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கு

வெள்ளிமலையிலிருந்தும் அதைச் சூழ்ந்த கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் கச்சிராயபாளையம் வழியாகக் கீழிறங்கி, கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் உள்ள பட்டறைகளில் தொழில் கற்கும் இளைஞர்கள் உண்டு. இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு, லாரிப் பட்டறை, லேத், பொக்லைன், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என வேலை எதுவாயினும், ஆயிலும் கிரீஸும் அவர்தம் கைகளை விட்டு நீங்குவதில்லை. அவர்கள் எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வரும்போது, "படை வந்திருக்கிறது, கடையில் வாங்கிய களிம்புக்கு அடங்கவில்லை" என்பார்கள். உடன் வரும் தாயோ மனைவியோ, "இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்பார்கள்.

பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை இதுவே: வேலையை விடும் முன், கை கழுவும் முறையையும் உடுப்பைப் பேணும் முறையையும் மாற்றுங்கள். அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

இரண்டு வகைத் துன்பங்கள்

முதலாவது, கைகளில் வரும் தோல் அழற்சி. தோலின் மேலடுக்கு ஒரு சுவர் போன்றது. செல்கள் அதன் செங்கற்கள். இடையிலுள்ள இயற்கைக் கொழுப்பு அதன் சாந்து. கிரீஸ் அச்சுவரின்மேல் படிகிறது. ஆனால் மாலையில் அதைப் போக்குவதற்காகப் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் சலவைத் தூளையும் இட்டுத் தேய்க்கும்போது, கறையோடு சாந்தும் கரைந்து போகிறது. லேத் பட்டறையில் நீருடன் கலந்து பயன்படுத்தும் கூலண்டும் இதே தீங்கைச் செய்யும். விரல் இடுக்குகளிலும் புறங்கையிலும் வறட்சி, சிவப்பு, அரிப்பு, வெடிப்பு எனத் தொடங்கி, பின்பு நீர் கசியும் கரப்பானாக முற்றும். கூலண்டில் கலந்துள்ள கிருமிநாசினிகள், ரப்பர் கையுறை முதலியவற்றால் சிலருக்கு ஒவ்வாமையும் ஏற்படலாம். ஐயமிருப்பின், முதுகில் சிறு ஒட்டுகளை 48 மணிநேரம் வைத்திருந்து ஒவ்வாத பொருளைக் கண்டறியும் சோதனை உள்ளது.

இரண்டாவது, ஆயில் கட்டிகள். ஆயில் மயிர்க்கால்களின் வாயை அடைப்பதால் தொடை, முன்கை, வயிறு ஆகிய இடங்களில் கரும்புள்ளிகளும் சிறு கட்டிகளும் தோன்றும். உள்ளங்கையில் மயிர்க்கால் இல்லாமையால் அங்கு இவை வருவதில்லை. ஆயில் ஊறிய பனியன் வேஸ்ட் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்வோருக்கு, அந்தப் பையின் கீழுள்ள தொடையில் மட்டும் இக்கட்டிகள் வரக்கூடும்.

நீண்டகால அபாயம்

எண்ணெய் ஊறிய உடுப்பு இன்னொரு வகையிலும் தீங்கானது. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் கதிர்களிலிருந்து தெறித்த கனிம எண்ணெய் தொழிலாளரின் உடுப்பை நனைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் பலருக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் தோன்றியது. 1922-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இத்தொடர்பை வெளியிட்டனர். இன்றைய புதிய ஆயில்கள் பெரிதும் சுத்திகரிக்கப்பட்டவை. ஆனால் என்ஜினில் ஓடிய பழைய ஆயிலில், எரிபொருள் எரிவதால் உண்டாகும் புற்றுநோய் தூண்டும் பொருள்கள் சேர்கின்றன. ஒரு நாள் பட்டதால் அஞ்ச வேண்டியதில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் தோலில் ஊறுவதையே தவிர்க்க வேண்டும். கழிவு ஆயிலைப் புண்ணுக்கு மருந்தாகப் பூசவே கூடாது.

செய்ய வேண்டியவை

1. கிரீஸ் படிந்த கையில் முதலில் சிறிது தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய் கிரீஸை இளக்கிவிடும். பின்பு மென்மையான சோப்பால் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், சலவைத் தூள், மணல் ஆகியவை வேண்டாம்.

2. கையை ஈரம் போக ஒற்றி, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். "எண்ணெயால் வந்த நோய்க்கு எண்ணெயா?" எனச் சிலர் கேட்பதுண்டு. வறண்டு வெடித்த கைக்கு இது இழந்த சாந்தை ஈடுசெய்வதாகும். ஆனால் தொடையிலும் முன்கையிலும் உள்ள ஆயில் கட்டிகளின்மேல் இவற்றைத் தடவ வேண்டாம்.

3. துடைக்கும் துணியைப் பையில் வைக்காதீர்கள். ஆயிலில் நனைந்த உடுப்பை அன்றே மாற்றுங்கள். வீட்டில் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

4. நைட்ரைல் கையுறை நன்று. ஆயில் ஊறிய துணிக் கையுறை, கையுறை இல்லாததைவிடத் தீது. சுழலும் லேத்தின் அருகிலும் துளையிடும் இயந்திரத்தின் அருகிலும் எக்கையுறையும் அணியாதீர்கள். அது சிக்கிக் கையை உள்ளே இழுத்துவிடும்.

5. மருந்துக் கடையில் நீங்களாகவே களிம்பு வாங்காதீர்கள். பல மருந்துகள் கலந்த ஸ்டீராய்டு களிம்பு, பூஞ்சையால் வந்த படையை மறைத்துப் பரப்பும். கரப்பானுக்கு ஸ்டீராய்டு தேவையாயின், வலிமையையும் நாட்களையும் மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

உடனே வர வேண்டிய நேரம்

கிரீஸ் கன்னோ ஹைட்ராலிக் குழாயோ உயர் அழுத்தத்தில் விரலில் பீய்ச்சினால், முதலில் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு புள்ளியே தெரியும். வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளே சென்ற கிரீஸோ சில மணிநேரத்தில் சதையை அழிக்கும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும். இதற்குக் களிம்போ கட்டோ உதவாது, அறுவைச் சிகிச்சையே தேவை. மலையில் இருப்பவர்கள் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன பீய்ச்சியது என்பதையும் அங்கு கூறுங்கள்.

ஆறாத புண், பாலுண்ணி போன்ற புதிய தடிப்பு, இரத்தம் கசியும் இடம் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் வந்து காட்டுங்கள். மறைவான உறுப்பாயினும் தயங்க வேண்டாம். தொடக்கத்தில் கண்டால் இவ்வகைப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும்.

பட்டறை உரிமையாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும்

கனிம எண்ணெயால் வரும் கட்டிகளும் தோல் அழற்சியும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களாக இடம்பெற்றிருந்தவை. ஆயினும் இரண்டு மூன்று பேர் வேலைசெய்யும் சாலையோரப் பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்ததில்லை. அங்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு புட்டி எண்ணெய், ஒரு பெட்டிக் கையுறை ஆகியவற்றை வைப்பது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது. தொழில் பழகும் பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத் தரும் நாளிலேயே கை கழுவவும் கற்றுத் தாருங்கள்.

மருத்துவரிடம் வரும்போது, நாள்தோறும் கையாளும் ஆயில், கூலண்ட் ஆகியவற்றின் பெயர்களை எழுதி எடுத்து வாருங்கள். விடுமுறை நாட்களில் தோல் தேறுகிறதா என்பதையும் கவனித்துக் கூறுங்கள். நோயின் காரணத்தைக் கண்டறிவதற்கு எங்களுக்கு இவையே பெருந்துணை.