தோண்டாமல் அறிவோம்

“அண்டார்டிகாவில் பனிக்கு அடியிலுள்ள நிலம் முழுவதும் உறைந்தே இருக்கும்” என்று ஒன்பதாம் வகுப்பில் கூறினேன். “தோண்டிப் பார்த்தார்களா டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி. பதில் தெரியவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறித் தேடிப் படித்தேன்.

மறுநாள் 9 வோல்ட் மின்கலம், மின்தடை, எல்.இ.டி. விளக்கு, கம்பிகளால் சுற்று அமைத்தோம். கம்பி முனைகளைப் பனிக்கட்டியில் வைத்தபோது விளக்கு எரியவில்லை, உப்புநீரில் எரிந்தது.

2011இல் அண்டார்டிகாவின் டெய்லர் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் ஹெலிகாப்டரில் கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு இதே வேறுபாட்டைத்தான் அளந்தனர். சுருளின் மாறும் காந்தப்புலம் நிலத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். உறைந்த நிலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, உப்புநீர் கடத்தும். டெய்லர் பனியாற்றின் அடியிலும் உறையாத உப்புநீர் இருப்பது தெரிந்தது. உப்பு, நீரின் உறைநிலையைக் குறைப்பதே காரணம்.

முதல்நாள் நான் சொன்னது தவறு என்று கரும்பலகையிலேயே எழுதித் திருத்தினேன். அதன்பின் வகுப்பில் கேள்விகள் கூடின.